உன் பெயருக்குக் கீழே ஒரு பூட்டு

பிரியமான மாப்பிள்ளை செங்கோட்டுவேலுவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். இது ஐந்தாவது. உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும்படி அச்சுக்குக் கொடுக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பள்ளிக்கூட நாளிலிருந்தே. வாலிபாலில் நான் லிப்டர். பந்தை வலைக்கு மேல் அளந்து தூக்கிக் கொடுப்பது என் வேலை, எகிறி அடிப்பது உன் வேலை. பனமரத்துப்பட்டி அணியை ஜெயித்த அன்று உன்னைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். நான் வலையை அவிழ்த்து மடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். “மச்சா, நீ குடுத்த பந்துடா அது!” என்று தோள்மேல் இருந்தபடியே கத்தினாய். கேட்டவர்கள் எல்லாம் உன் பெருந்தன்மையைத்தான் மெச்சினார்கள்.

பிறகு என் தங்கை சரசுவைக் கட்டினாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் உன் பேச்சுதான். நான் வேலைக்குப் போய் வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உன் லாரி தெருமுனையில் திரும்பினால் என் அப்பா நாற்காலியை எடுத்து வெளியில் போடுவார்.

ஏரிக்கரைத் திடலில் மில் பெண்கள் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தார்களே, அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்கிறேன். நீதான் பந்தை அவர்கள் கையில் கொடுத்தாய். பெண்களை எப்படித் திடலில் ஆடவிடலாம் என்று டீக்கடையில் நான்கு பெரியவர்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஏனுங்க, இது கெவருமெண்டு எடந்தானுங்க? கெவருமெண்டுக்குப் பொம்பளைங்க ஆகாதவங்களா?” என்று கேட்டுவிட்டு, அவர்களுக்கும் சேர்த்து டீ சொன்னாய். நான் பக்கத்து பெஞ்சில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். அதே கேள்வி எனக்கும் தோன்றியிருந்தது. தோன்றி என்ன பயன்?

உன் சாவுக்கு அந்தப் பெண்கள் விளையாட்டுச் சட்டையோடு வரிசையாக நடந்து வந்தார்கள். என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று அப்போதே எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிச்சம் இருந்தன.

இனி இங்கத்திய சேதி. ஊருக்கு ஊர் விளையாட்டுத் திடல் என்று அரசாங்கம் அறிவித்ததல்லவா, நம் திடலுக்கும் கம்பி வேலி வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, பெட்டி பெட்டியாகப் பந்தும் வலையும் வந்தன. நீ மனு மேல் மனு கொடுத்துக் கேட்டதெல்லாம் நீ போன பிறகு வந்தது. அந்த மனுக்களை எழுதியது நான் என்பதை இங்கே ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன்.

சுதந்திர தினத்தன்று கிராம சபை கூடியது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். பந்தலுக்குள் நுழையும்போதே தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பக்கத்தின் மேற்பாதி காலியாக இருக்கும், கீழே நாம் பெயர் எழுத வேண்டும். தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் தொட்டுக்கொள்வதுபோல எல்லோரும் போட்டுவிட்டு உள்ளே போய் உட்காருவார்கள். எங்கும் முன்கூட்டியே போகிறவன் நான், ஆகவே முதல் கையெழுத்து என்னுடையது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம், “படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்ன ஆள், மாப்பிள்ளை.

தலைவர் எழுந்தார். திடலுக்கு உன் பெயர் வைக்கப்போவதாக மைக்கில் சொன்னார். பந்தல் முழுக்கக் கைதட்டல். சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரஷர் மாத்திரை போட வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். மாத்திரையைக் காலையிலேயே போட்டிருந்தேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்தத் தீர்மானத்தின் மறுபாதியையும் படித்து முடித்துவிட்டார்கள். திடலின் பராமரிப்பைச் சேலத்துப் பயிற்சி அகாடமி ஒன்றிடம் ஒப்படைப்பது என்பது அந்த மறுபாதி. கைதட்டல் ஓயாத சமயத்தில் ஒரே மூச்சில் வாசித்தார்களாம். யார் காதிலும் சரியாக விழவில்லை. ஒப்படைப்பது என்றால் என்ன பொருள், எத்தனை நாளைக்கு, என்ன நிபந்தனை என்று கேட்கக்கூடிய ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். கேட்டிருப்பேனா? தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் காதிலாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரத்தில் திடல் வாசலில் வளைவு எழும்பியது. நீல எழுத்தில் உன் பெயர். பெயருக்குக் கீழே இரும்புக் கதவு, கதவில் ஒரு பூட்டு. சாயங்காலம் அகாடமியில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமாம். ஊர்க்காரர்கள் காலை ஆறு மணிக்குள் ஆடிவிட்டுப் போய்விட வேண்டுமாம். முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் ஆறு மணிக்கு மில் வாசலில் இருப்பார்கள். அவர்கள் எப்போது ஆடுவது?

அரசாணையைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தேன். திடல் எல்லோருக்கும் பொது, பெண்களுக்கு முன்னுரிமை என்றெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. கிராம சபை ஒப்புக்கொண்டால் பராமரிப்பை வெளியாரிடம் தரலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. பூட்டு அந்த வரி வழியாகத்தான் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டவர்களில் முதல் ஆள் நான்.

அந்த மில் பெண்களில் உன் இடதுகை ஆட்டக்காரி கவுசல்யா, பூட்டைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ‘வேலு தாத்தா பேர மேல எழுதிட்டு எங்கள வெளிய நிறுத்தறது நாயமுங்களா?’ என்று கீழே கேட்டிருந்தாள். சற்று நேரத்தில் படத்தை நீக்கினார்கள், பிறகு குழுவிலிருந்து அவளையும் நீக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘கேட்பது நியாயம்’ என்று தட்டினேன். அனுப்பாமல் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே வந்தாள். நோட்டுப் பக்கத்தை எப்படியோ போனில் படம் பிடித்து வைத்திருந்தாள்.

“ஏனுங் தாத்தா, ஒண்ணாம் நெம்பர் உங்க கையெழுத்துங்களா?”

“ஆமாஞ் சாமி.”

“படிக்காமயா போட்டீங்க?”

“போடறப்ப அதுல ஒண்ணும் எழுதியிருக்கல.”

“வெறுங் காயிதத்துலயா? நீங்களா?” அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எங்கம்மா ரேசன் கடையிலயே என்ன ஏதுன்னு கேட்டுட்டுத்தானுங்க வெரல் வெக்குது!” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “வேலு தாத்தா இருந்திருந்தா இந்நேரம் பூட்டு ஏரிக்குள்ள கெடக்குமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நீ இல்லாதபோதும் பூட்டை உடைத்த பேர் உனக்கு. பூட்டைக் கொண்டுவந்த பேர் எனக்கு.

மறுநாள் செயலரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக நாற்காலி போட்டார்.

“ஒரே தீர்மானமுங்க சார். பாதிய வெச்சுக்கிட்டுப் பாதிய அழிக்க முடியாதுங்க. பூட்டுப் போகோணும்னா உங்க மாப்பிள்ளை பேரும் சேந்துதான் போகோணும்.” அப்புறம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: “அதுக்கும் சபையில யாராச்சும் எந்திரிச்சுக் கேக்கோணும். படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு மைக்கில சொல்லுவீங்களா? ரிஜிஸ்டர் ஆபீசுல இருந்தவரு… உங்க பேருதானுங்க கெடும்.”

உன் பெயரும் போகும் என்று கேட்ட அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? சந்தோஷப்பட்டேன். ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது அதுதான் என்னை நடக்கவிடாமல் செய்தது. இந்தப் பெண்களுக்காகக் கேட்கப் போகிறேனா, உன் பெயரை இறக்குவதற்காகக் கேட்கப் போகிறேனா? எதை எப்படிப் பிரிப்பது? இரண்டு முறை செயலரிடம் திரும்பிப் போய், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நின்றேன்.

கடைசியில் சரசுவிடம் போனேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை பொய் முதல் சந்தோஷப்பட்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கை தட்டறப்ப நீங்க எந்திரிச்சுப் போனதப் பாத்தேண்ணா. இது எனக்கு இன்னைக்கா தெரியும்? அவருக்கே தெரியும். ‘உன்ற அண்ணனுக்கு எம்மேல காய்ச்சலு புள்ள. ஆனா ஒரு பந்தக்கூட எனக்குக் கோணலாத் தூக்குனதில்ல’ம்பாரு.”

நீ அதை என்னிடமே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை? அறிந்தும் அத்தனை வருடம் சிரித்துக்கொண்டு இருந்தாயே என்று அதற்கும் உன்மேல் பொறாமையாக இருந்தது.

“பேரு போனாப் போகட்டும். உங்க மனசுல என்ன இருந்தா அந்தப் புள்ளைங்களுக்கென்ன? கதவு தொறந்தாப் போதும்” என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சபை காந்தி ஜெயந்தியன்று. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிட்டேன். எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டது என் தவறு, வாசித்தபோது நான் பந்தலில் இல்லை, அந்தத் தீர்மானத்தை முழுவதும் ரத்து செய்ய வேண்டும், திடலைப் பழையபடி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் குரல் நடுங்குகிறது. கவுசல்யாவிடம் சொன்னேன். “நீங்க எந்திரிச்சா மட்டும் போதுமுங் தாத்தா, கத்தறதுக்கு நாங்க பதினோரு பேரு இருக்கறமில்ல” என்கிறாள்.

எழுந்து நிற்பேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன். குரல் உடைந்தாலும், யாராவது சிரித்தாலும், கடைசி வரி வரை வாசிப்பேன். வளைவில் உன் பெயரை அழிக்கிற அன்று அங்கேயே இருப்பேன். அப்போது எனக்குச் சந்தோஷம் வந்தால் மறைக்க மாட்டேன். வருத்தம் வந்தாலும் அப்படியே.

ஒன்று மட்டும் செய்ய மாட்டேன். இதை உனக்காகச் செய்தேன் என்று மைக்கில் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தக் கைதட்டலும் உனக்கே வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
சரசுவின் அண்ணன், என்றைக்கும் உன் மச்சான்
அர்த்தநாரி