டாக்டரிடம் சொல்லாத மயக்கம்

டாக்குரியா,
4 நவம்பர் 2024

சௌபாக்கியவதி மதுவந்திக்கு அப்பாவின் ஆசிகள்.

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் மெயில். வியாழக்கிழமை எனக்கு எண்டோஸ்கோப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது. சில வாரமாக மலம் கறுப்பாகப் போகிறது. வயிற்றில் எங்கோ ரத்தக் கசிவு என்கிறார்கள். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவார்களாம், ஒன்றும் தெரியாதாம்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன மாதம் ஸ்டேஷன் படியில் நெஞ்சு இறுகி, கண் இருட்டி விழுந்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் இதய டாக்டரிடம் அனுப்பி இழுத்தடிப்பார்கள். அம்மாவோ புற்றுநோய் என்றே முடிவு கட்டி, தன் சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். சீக்கிரம் முடிந்தால் நல்லது. அவளிடம் மூச்சு விடாதே.

அப்பா
சந்தானம்

பெங்களூரு,
5 நவம்பர்

அன்புள்ள அப்பா,

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸான என்னிடமே இதை எழுதிவிட்டு மூச்சு விடாதே என்கிறீர்களே. அந்த ஊசியில் மூச்சு மந்தமாகும், ரத்த அழுத்தம் இறங்கும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும். உங்களுடையது சமாளிக்குமா என்று யாராவது பார்க்க வேண்டாமா? இங்கே ஒருவர், "நெஞ்சுல ஒண்ணும் இல்லை, சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே படுத்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியை அவர் மனைவியிடம் நான்தான் கொடுத்தேன்.

நாளைக்குள் நீங்கள் டாக்டரிடம் சொல்லாவிட்டால், அம்மாவிடம் நான் சொல்வேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மது

டாக்குரியா,
9 நவம்பர்

மதுவந்திக்கு,

சொல்லிவிட்டாய். எண்டோஸ்கோப்பி அறை வாசலில் அம்மா டாக்டரை மறித்து, "இவருக்கு மயக்கம் வந்திருக்கு, எங்கிட்டகூட சொல்லலை" என்று அழுதாள். என்னைப் படுக்கையிலிருந்து இறக்கி எக்கோ ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இதயத்தின் வால்வு ஒன்று வெகுவாகச் சுருங்கிக் கிடக்கிறதாம். "தெரியாம ஊசி போட்டிருந்தா உங்களை எழுப்பியிருக்க முடியாது, மேஷோமொஷாய்" என்றார் வங்காளி டாக்டர், பெரியவருக்குரிய மரியாதையோடு.

வால்வை மாற்ற வேண்டும். அதற்கு முன் கசிவை அடைக்க வேண்டும். அதற்கு அதே குழாய், அதே ஊசி. செவ்வாய்க்கிழமை இதயத்துக்கென்றே ஒரு மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நிற்பார்; மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுப்பார்களாம். ஆபத்து குறைந்திருக்கிறது, போகவில்லை என்றார்கள்.

உன் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல. பயந்து போயிருக்கிறேன் மது. வருகிறாயா?

அப்பா

பெங்களூரு விமான நிலையம்,
12 நவம்பர்

அன்புள்ள அப்பா,

காலை விமானம் ரத்தாகி, இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பேசினாள். கசிவை அடைத்துவிட்டார்களாம். முடிக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நின்றிருக்கிறது. எல்லோரும் தயாராக நின்றதால் மீட்டுவிட்டார்கள். ஆனால் நீங்கள் இன்னும் கண் விழிக்கவில்லை.

"போன வியாழக்கிழமையே ஒண்ணும் தெரியாம முடிஞ்சிருந்தா, இந்தப் பயமாவது அவருக்கு இருந்திருக்காதேடி" என்றாள் அம்மா.

விமானத்துக்கு அழைக்கிறார்கள். இதை நானே வந்து உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். கேட்கிறதோ இல்லையோ, படிப்பேன்.

மது