மூன்றாம் வருட அளவு

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியை அம்மாவோடு ஒரு சின்னச் சண்டை. பசுமைக்குடிலில் நான் வளர்க்கும் மரக்கன்றுகளை மூன்று வருடம் அளக்க வேண்டும். இரண்டுதான் முடிந்திருக்கிறது.

"மூணாவதை உத்தேசமா போட்டுடலாம் ஐயா. இந்த மாசம் ஆராய்ச்சிக் கட்டுரை போகலேன்னா என் வேலை நிரந்தரமாகாது" என்றார்.

"உங்க அவசரம் செடிக்குத் தெரியுமாம்மா? வளராததை நான் அளந்து தரமாட்டேன்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் இரண்டு வருட அளவை மட்டும் எழுதிக் கட்டுரையை அனுப்பிவிட்டார். "மூணாவதை நீங்களே இருந்து அளங்க" என்று என் ஒப்பந்தத்தையும் ஒரு வருடம் நீட்டிவிட்டார். கல்லூரிப் படிப்பில்லாத என் பேச்சுதான் கடைசியில் ஜெயித்தது.

ஆகவே இந்த வருடம் வருகிறேன் என்றது அடுத்த வருடமாகிவிட்டது. திட்டாதே. திட்டுவதென்றால் நாலு பக்கமாக எழுது. அலமாரியில் இருக்கும் மூக்குக்கண்ணாடியையும் அனுப்பு. அளவுகோல் தெரிகிறது, உன் எழுத்துதான் மங்குகிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்