கோழி தின்ற நண்டு ஓட்டுத் தூள்

கல்லூரி மொட்டைமாடியில் நண்டு ஓடு காய்கிறது. புன்னைக்காயலிலிருந்து வந்த மூட்டை. நாற்றம் தாங்காமல் காலையிலிருந்து மூன்று பேர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் இந்த ஏச்சை நீ வாங்குவாய், நான் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்து சிரிப்பேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் என் தலையில்.

ஆனால் இன்று உன்மேல் இருக்கும் எரிச்சலுக்கு நாற்றம் காரணமில்லை. செல்வியக்கா.

அவள் தெருக் கிணற்றில் ஈயம் இருப்பது தெரிந்ததும் நாம் வடிபானையோடு போய் நின்றோமே. நண்டு ஓட்டைப் பொடித்து உள்ளே பரப்பிய பானை; தண்ணீர் இறங்கும்போது ஈயத்தைத் தூள் பிடித்துக்கொள்ளும். "நண்டு ஓட்டுல வடிச்சதயா குடிக்கணும்?" என்று பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். நீ ஒரு கை தூளை அள்ளி, செல்வியக்காவின் கோழிக்கு முன்னால் போட்டாய். அது கொத்தியது. "பாருங்க, கோழி கூடத் திங்குது!" தெருவே சிரித்தது. பன்னிரண்டு வீடும் பானை வாங்கிக்கொண்டது.

புதுத் தூளுக்கு அது சரிதான். மூன்று மாதம் ஈயத்தைக் குடித்த தூளுக்கு? பழசை நம்மிடமே திருப்பித் தரச் சொல்லி பானையில் எழுதி ஒட்டலாம் என்றேன். "ஏளா, இப்பவே பயங்காட்டாத. பொறவு பாத்துக்கலாம்" என்றாய். உன் பாத்துக்கலாமில் இடி விழ.

நீ இருந்தவரை பழைய தூளை நாமே போய் வாரி வந்தோம். அதன்பின் அந்தத் தெருவில் நீ இல்லாமல் நிற்க எனக்கு மனசு வரவில்லை. புதுத் தூளை மட்டும் ஆள் வழியாகக் கொடுத்தனுப்பினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நேற்றுதான் போனேன். "பழைய தூள் எங்கக்கா?"

"கோழிக்குப் போட்டுட்டேன் டீச்சர். முட்டை ஓடு கெட்டியா வருதுல்லா."

உள்ளே, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் அவள் மகள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கத்தினேன். செல்வியக்கா அசையவில்லை. "கோழி திங்கலாம்னு அவுவதான சொன்னாவ. அவுவள விட ஒங்களுக்குத் தெரியுமோ?"

செத்தும் என்னோடு மல்லுக்கு நிற்கிறாய்.

வேறு வழியில்லாமல் பொய் சொன்னேன். "ஆஸ்பத்திரியில வச்சு அவதான் சொன்னா. பழைய தூள் கோழிக்கு ஆகாது, செல்வியக்காகிட்ட மறக்காமச் சொல்லிருன்னு." அவ்வளவுதான். தட்டில் இருந்த முட்டை, கூடையில் இருந்த முட்டை, மிச்சத் தூள் எல்லாம் என் பைக்குள் வந்துவிட்டன. மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவும் சம்மதித்தாள். இன்று மத்தியானம் அழைத்துப் போகிறேன். "சாவும்போதும் எங்க நெனப்பா அவுவளுக்கு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டது தின்ன ஒரு மக்ரூன் மிட்டாய். அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இன்னும் பதினோரு வீடு இருக்கிறது. என் பேச்சு அங்கேயும் எடுபடாது. சாயங்காலம் பழைய தூளை வாரிவரச் சாக்கோடு கிளம்புகிறேன். நீயும் வா, நீதான் பேச வேண்டும்.