அந்த மண்ணெண்ணெய் என்னுடையது

யேசு மரி சூசை துணை

பண்டத்தரிப்பு

மகன் எமில்ராஜ் அறிவது, ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனதுக்குச் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. ரொறன்ரோக் குளிருக்குள் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையும் செபமாலை சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன், ஆனாலும் கோபம் இறங்கவில்லை. ரெலிபோனில் சொன்னால் குறுக்கே கதைப்பாய், கடிதத்துக்குள் அது முடியாது, கடைசி வரி வரைக்கும் வாசி.

நீ கார் வாங்கித் தந்தாய், உன் தங்கச்சி தனுஷாவின் புருசன் றெஜிஸ் அதை ஹயருக்கு ஓடிப் பிழைக்கிறான், சரி. பிறகு ஒரு சின்னக் கருவியை அனுப்பி ஸ்ரேரிங்குக்குக் கீழே செருகச் சொன்னாய், இஞ்சின் பழுதானால் அங்கேயிருந்தே பார்க்கலாம் என்றாய். அப்பா அன்றைக்கே, "உவன் அங்கையிருந்து எங்கடை சோத்துப் பானையையும் எட்டிப் பாப்பானோ" என்று கேட்டார். போன மாதம் அது உன் கைபேசியில் பெற்றோல் அளவைக் கார் தானே சரிக்கட்டுகிற திருத்தம் இருபத்துநாலு வீதம் கூட என்று காட்டியதாம், இஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்று ஒட்சிசன் சென்சர் சொல்கிறதாம். உடனே யாருக்கு எடுத்தாய்? பெற்ற தாய்க்கு இல்லை, பக்கத்து வளவில் இருக்கிற உன் சித்தி மகள் வசந்தினிக்கு. அவள், "அண்ணை, றெஜிஸ் அத்தான் பெற்றோல் செற்றிலை கலனோடை மண்ணெண்ணெய்க்கு நிண்டதை என்ரை கண்ணாலை கண்டனான்" என்றாளாம். அது போதும் உனக்கு. றெஜிஸுக்கு எடுத்து, "மண்ணெண்ணெயைக் கலந்துபோட்டுப் பெற்றோல் காசை அடிக்கிறியோ" என்று கேட்டாய். அவன் காரின் திறப்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து, "மாமி, இனி உந்தக் காரைத் தொடமாட்டன்" என்று சொல்லிப் போனவன்தான்.

அந்த மண்ணெண்ணெய் என்னுடையது. வெங்காயத்துக்கு இறைக்கிற பம்புக்காக நான்தான் கலனைக் கொடுத்து அனுப்பினேன். வசந்தினிக்கும் அது தெரியும், எங்கள் பம்பால்தான் அவளுடைய பாத்திக்கும் தண்ணீர் போகிறது. நான் சுன்னாகத்திலிருந்து மெக்கானிக் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டுக் காரைத் திறக்கச் சொன்னேன். டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாளில் விட்டுப் பார்த்தார், எண்ணெய்க் கறை இல்லாமல் காய்ந்தது, சுத்தப் பெற்றோல். பிளக்கைக் கழற்றினார், கன்னங்கரேல் என்று கரி. எனக்கு அங்கேதான் கணக்கு இடித்தது. அடுப்பில் திரி கூடினால்தானே சட்டி கரிபிடிக்கும், "பெற்றோல் குறைவெண்டு அது சொல்லுது, இது கூடின கரியெல்லோ" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அக்காவுக்கு ஒரு கராஜ் போட்டுத் தரலாம்" என்றார். அடுத்த நாள் குளிர்ந்த இஞ்சினை ஸ்ராட் பண்ணியபோது டிக் டிக் என்று சத்தம். சென்சருக்குச் சற்று முன்னால் புகைக் குழாயில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. சென்சருக்குப் பெற்றோலைத் தெரியாதாம், புகையில் மிஞ்சிக் கிடக்கிற ஒட்சிசனை மட்டும்தான் தெரியுமாம். வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே இழுபட, அது பெற்றோல் காணாது என்று சொல்ல, காரின் கம்பியூட்டர் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது. அதுதான் கரி, அதுதான் செலவு. அந்தக் கம்பியூட்டருக்காவது புத்தியில்லை, உனக்கென்ன வந்தது?

வெடிப்பை ஒட்டவைத்துக் காரை ஓடவிட்ட பிறகு திருத்தம் மூன்று வீதத்துக்கு இறங்கிவிட்டது. அதை நீயும் உன் கைபேசியில் பார்த்திருப்பாய். இருபத்துநாலைப் பார்த்ததும் கள்ளன் என்று சொல்ல வாய் இருந்தது, மூன்றைப் பார்த்த பிறகு வாயைக் காணவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வருகிற மாதம் முதல் ஞாயிறு தனுஷாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நீதான் ஞானத்தகப்பன் என்று பங்குச் சுவாமியிடம் சொல்லி வைத்திருக்கிறோம், நீயும் ரிக்கெற் போட்டுவிட்டாய். றெஜிஸ் இப்போது, "என்னைக் கள்ளனெண்டவர் என்ரை பிள்ளையை ஏந்துறதோ, வேண்டாமெண்டு சொல்லு" என்கிறானாம். தனுஷா அழுதுகொண்டு வந்தாள். நான் சமாதானம் சொல்லவில்லை, உன் புருசன் கேட்கிறது ஞாயம் என்றுதான் சொன்னேன். ஆகவே அவனுக்கு எடுத்து, சுற்றி வளைக்காமல், நான் சொன்னது பிழை என்று சொல். எனக்குச் சொல்லாதே, அவனுக்குச் சொல். அவன் சம்மதித்தால் பிள்ளையை ஏந்து. இல்லாவிட்டால் நானே சுவாமியிடம் போய் வேறொருவர் பெயரைக் கொடுப்பேன், நீ கோயிலில் பின் வரிசை வாங்கில் இருந்து பூசை காணலாம்.

வெளியே போகும்போது தலையை மூடு. கண்ட நேரத்தில் சாப்பிடாதே. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எவ்வளவு காலம் என்று நீயே யோசி. உன் கருவியைக் கழற்றி இதோடு வைத்து அனுப்புகிறேன், இனி இங்கே என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமென்றால் எங்களிடம் கேட்க வேண்டும். மடு மாதா உனக்குச் சுகத்தையும் நல்ல புத்தியையும் சேர்த்தே தரட்டும். மறந்துவிடாதே, றெஜிஸின் நம்பர் மாறவில்லை. திறப்பை நான் எடுத்துக் கொடுத்தும் அவன் வாங்கவில்லை, இன்னும் மாதாவின் காலடியில்தான் கிடக்கிறது.

உன் அம்மா
மக்டலீன்