உன் விரல்களுக்காக எழுதிய பிளகின்

ஆயுத பூஜைக்காக உன் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி பட்டதும் கீபோர்டின் இடுக்கிலிருந்து தைலம் மணத்தது. நீ விரல்களில் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்த வலித் தைலம். சந்தனப் பொட்டு வைக்க எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

மில்லர்புரம் வீட்டில் நீ மாடிக் குடித்தனம், நான் கீழ்க் குடித்தனம். கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதினாய். நானோ வீட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போய், சமையலுக்கு நடுவே வீடியோ பார்த்துக் கோடிங் பழகியவள். நரம்பு நோய் உன் விரல்களைப் பிடித்தபோது, ஒரு நீளமான வரி அடிப்பதற்குள் உனக்கு நெற்றி வியர்த்துவிடும்.

"வேலையை விட்டுத்தொலையேன்ளா" என்றேன்.

"விட்டா நான் வெறும் நோயாளிளா. இப்பம் சம்பளக்கார நோயாளி" என்று சிரித்தாய். பயந்துபோயிருந்தாய் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

உன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த வரிகளைத் திரும்பத் திரும்ப அடிக்கிறாய் என்று கணக்கெடுத்தேன். சரக்கு விவரம், கப்பல் வருகை, பிழை வந்தால் காட்டும் செய்தி, எல்லாம் அதே வரிகள்தான். நீ புரோகிராம் அடிக்கும் எடிட்டர் மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன பிளகின் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. இரண்டு எழுத்து அடித்து டேப்பைத் தட்டினால், அந்த வரிகளின் முழுத் துண்டும் தானே வந்து விழ வேண்டும்.

ஒருவழியாக எழுதி முடித்து மாடிக்குக் கொண்டுவந்தால், அது ஓடவே இல்லை. திரையெல்லாம் சிவப்பு. நீ குனிந்து பார்த்தாய்.

"ஏளா, மொத வரியில என்னது இது, 'உ'?"

"பிள்ளையார் சுழி. அது போடாம நான் எதையும் தொடங்குறதில்ல."

நீ சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "கம்ப்யூட்டருக்கு உங்க பிள்ளையாரைத் தெரியாதாம்ளா. முன்னால ரெண்டு சாய்கோடு போடு, பாக்காமத் தாண்டிப் போயிரும்."

"சாமியப் பாக்காமத் தாண்டுறதா?"

"நீ பாக்குதல்லா, போதும்."

சாய்கோடு போட்டேன். நீ இரண்டு எழுத்து அடித்து டேப்பைத் தட்டினாய். ஒரு பக்கம் நிறைய வரிகள் வந்து நின்றன. "மாதாவே!" என்று மட்டும் சொன்னாய். அன்று உன் நெற்றி வியர்க்கவில்லை.

அந்த நோய்க்கு அதுவும் பொறுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் டேப்பைத் தட்டக்கூட விரல் எழும்பவில்லை. கம்பெனி சம்மதித்ததால், நீ கட்டிலில் சாய்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "பிராக்கெட் ஓப்பன்... சரக்கு எண்... கமா..." வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. துண்டுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆனாலும் நான் ஒவ்வொரு எழுத்தாகவே அடித்தேன். சீக்கிரம் முடித்துவிட்டால் நீ பேசுவதும் நின்றுவிடுமே.

நீ கவனித்துவிட்டாய். "பிளகின் கெடக்குல்லா, அத எதுக்குளா விட்டுட்ட?"

"கெடக்கட்டும்."

தலையணையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாய். பிறகு, "சரி, அப்பம் நானும் மெதுவாவே சொல்லுதேன்" என்றாய்.

நீ போன பிறகு, பாதியில் நின்ற உன் வேலையைக் கம்பெனி என்னிடமே கொடுத்திருக்கிறது. பூஜைக்கு மறுநாள் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்காருகிறேன். இரண்டு எழுத்து அடித்ததும் முழுத் துண்டும் வரட்டுமா என்று எடிட்டர் கேட்கிறது. வேண்டாம் என்றுவிட்டு ஒவ்வொரு எழுத்தாக நானே அடிக்கிறேன். நீ மூச்சு வாங்கிய இடங்களில் என் விரல்களும் நின்று நின்றுதான் போகின்றன.