ஒன்பது பாயின்ட் முன்னிலை

ஜனவரி 11, சனி

மூன்றுக்குப் பூஜ்யம். கால்பந்து லீக்கில் பாதி முடிந்துவிட்டது. இரண்டாவது அணியைவிட ஒன்பது பாயின்ட் முன்னால் இருக்கிறோம். பதினேழு வருஷமாக அதே பதினான்காவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன், இப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை. முதல் தடவை மகளைக் கூட்டிப்போனபோது அவளுக்கு ஆறு வயசு. பந்து எந்தப் பக்கம் போகணும் என்றுகூடத் தெரியாமல் இரண்டு அணிக்கும் கைதட்டினாள். இடைவேளைக்கு முன்னாலேயே என் மடியில் தூங்கியும் போனாள். இப்போது ஆஃப்சைடுக்கு எனக்கே விளக்கம் சொல்கிறாள், கழுதை.

வெளியூர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் எட்டு மணி நேரம். பிப்ரவரி முதல் தேதி சேரணும். வீட்டில் நானும் அவளும்தான். மைதானத்துப் படியில் இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "மே மாசம் கோப்பையத் தூக்குறதப் பாத்துட்டுப் போயேன்டி. கேட்டுத்தான் பாரேன்" என்றேன். சிரித்தாள்.

ஜனவரி 16, வியாழன்

ஆய்வகத்தில் கேட்டேவிட்டாள். மே கடைசி வரை பொறுத்துக்கொள்கிறார்களாம். கடையில் நாள் முழுக்க முணுமுணுவென்று பாடிக்கொண்டே மூக்குக்கண்ணாடிகளுக்கு ஃப்ரேம் மாட்டினேன். முதலாளி பக்கத்து ஊர் அணியின் ரசிகர். "என்ன, இப்பவே கோப்பையத் தொடச்சு அலமாரில வச்சாச்சா?" என்றார். வச்சாச்சு என்றேன்.

பிப்ரவரி 1, சனி

கேப்டனுக்கு முழங்கால் போச்சு. கடைசி இடத்தில் கிடக்கிற அணியிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். இன்றைக்குத்தான் அவள் அங்கே வேலையில் சேர்ந்திருக்க வேண்டியது. சரி, ஒரு மேட்ச்தானே.

பிப்ரவரி 8, சனி

தொண்ணூறாவது நிமிஷத்தில் நம்ம பசங்க கோல் வாங்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று.

பிப்ரவரி 15, சனி

மறுபடி தோல்வி. ரெஃப்ரிக்கு நம்ம கடையிலேயே இலவசமாக ஒரு கண்ணாடி போட்டுக் கொடுக்கலாம் என்றேன் முதலாளியிடம். "உங்க கோல்கீப்பருக்கும் சேத்தே போட்டுடலாம்" என்றார். மனுஷனா அவர்?

மார்ச் 1, சனி

ஐந்து மேட்ச்சில் ஒரே ஒரு பாயின்ட். ஒன்பது பாயின்ட் முன்னால் இருந்தவர்கள் இப்போது மூன்று பாயின்ட் பின்னால்.

அவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கடைசி மேட்ச்சில் கொட்டுகிற மழை. ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பேரும் புகுந்துகொண்டோம். நடுவில் ஒரு பட்டனைக் கழற்றிவிட்டு அவள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள். அப்படியே ஐந்து கோல் வாங்குவதைப் பார்த்தோம். "அடுத்த வாரம் யாரோடம்மா?" என்று கேட்டாள். சீசன் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் மேட்ச் கிடையாது என்றேன். அதற்குத்தான் அழுதாள், தோற்றதற்கு அழவில்லை. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் நான். அப்போது வலிக்காத தோல்வி இப்போது ஏன் இப்படி வயிற்றெரிச்சலாக இருக்கிறது?

மார்ச் 4, செவ்வாய்

அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மே வரை பொறுப்பதாக எழுதியபோதே, இடையில் அவசரம் வந்தால் வேறு ஆளை எடுப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அத மட்டும் எங்கிட்ட சொல்லல அவ.

"ஏன்டி மறைச்ச?"

"சொன்னா உடனே போன்னு வெரட்டியிருப்ப. ஒன்பது பாயின்ட்மா. எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு."

என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான். ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கின வேலை — ஒரு கோப்பைக்காக. கோப்பைக்காகவா? அவள் போன பிறகு யார் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது என்ற பயம் எனக்கு. அவளைப் பிடித்து வைக்க கோப்பையைச் சாக்காக்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

நாலு கோல் வாங்கினோம். அதில் இடைவேளைக்கு முன்னாலேயே மூன்று. பயிற்சியாளரைப் பார்த்து நான் கத்திய கத்தலில் முன்வரிசை மொத்தமும் திரும்பியது. "போதும்மா, வா" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பதினேழு வருஷத்தில் பாதியில் எழுந்து வந்தது இன்றைக்குத்தான். படியில் உட்கார்ந்து அழுதேன். "உன் வேலையக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"இன்னும் மூணு எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீ மொதல்ல மூக்கச் சிந்து" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

கிடைத்துவிட்டது. இது இன்னும் தூரம், விமானத்தில்தான் போக வேண்டும். மே ஐந்தாம் தேதி சேரணும்.

ஏப்ரல் 26, சனி

பாவிகள் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேப்டன் திரும்பி வந்ததிலிருந்து வரிசையாக நான்கு வெற்றி. முதலிடத்துக்கு இரண்டே பாயின்ட் பாக்கி. கடைசி மேட்ச் மே 17, நம்ம மைதானத்திலேயே. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வாரம் தள்ளிச் சேரலாமான்னு கேக்கவாம்மா?"

கேளேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "கேட்ட, கால ஒடிச்சிடுவேன்" என்றேன். அவள் துணியை மடிக்கப் போய்விட்டாள். நான் சமையலறைக்குப் போய், கழுவிவைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

மே 17, சனி

இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். முதலிடத்தில் இருந்தவர்களும் ஜெயித்துவிட்டார்கள், கோப்பை அவர்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஜனங்கள் எழுந்து நின்று நம்ம பசங்களுக்குக் கைதட்டினார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

வெளியே வந்ததும் அவளுக்கு ஃபோன் செய்தேன். கோப்பை போன கதையை எப்படிச் சொல்லித் தேற்றுவது என்று வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அவள் எடுத்ததும் பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

"சொல்லும்மா. வேலை பாக்குற எடத்துல எல்லாரும் சேந்து சாப்பிட வந்திருக்கோம். அங்க என்ன இவ்ளோ எரைச்சல்?"

"மேட்ச் முடிஞ்சு கூட்டம் வெளிய வருது."

"ஐயோ, இன்னைக்கா? மறந்தே போயிட்டேன்மா."

சுருக்கென்றது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. ஜெயிச்சோம் என்றேன். "சூப்பர்மா" என்றாள். கோப்பை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அங்கே யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"உன்னத்தான் கூப்புடறாங்க பாரு, போ" என்று நானே ஃபோனை வைத்தேன்.