நத்தை வந்த வழி உரைக்கும் ஓலை

கார் பொய்க்காத தென்கய நாடு தழைக்க. ஆயிரம் ஏரி உடையவரும் எம் நாட்டின் நீங்கா நண்பருமான வேந்தர் இளங்கடுமான் திருமுன், குவளைமலை அரசி செம்மணித் தேவியார் ஆணைப்படி முதலமைச்சன் வெண்காரி பணிந்து விடுக்கும் ஓலை.

எம் இளவரசி நறுவீயின் பிறந்தநாளுக்குத் தாங்கள் அனுப்பிய பொன்மீன் பன்னிரண்டும், கண்ணாடித் தொட்டியும், அதில் நட ஆம்பல் கொடியும், மீன்களைப் பேண ஆம்பல் என்றே பெயர் கொண்ட பெண்ணும் பழுதின்றி வந்து சேர்ந்தனர். பழுது உடன் வந்த ஓலையில் இருந்தது.

“ஆம்பலைக் கழுவிடுக” என்று அதன் மூன்றாம் வரியை எம் ஓலைநாயகம் அவையில் படித்தார். கழுவில் ஏற்றும் அளவுக்கு அவள் செய்த குற்றம் என்ன? ஓலை சொல்லவில்லை. நட்பு வேந்தரின் சொல்லை மறுக்கவும் இயலாமல், காரணமின்றி ஓர் உயிரைப் பறிக்கவும் மனம் ஒப்பாமல், அவளைச் சிறையில் வைத்து அரசியாரிடம் பதினைந்து நாள் தவணை பெற்றேன்.

பத்தாம் நாள் குற்றம் தானே முளைத்தது. தொட்டியின் கண்ணாடி தெரியாதபடி நத்தைகள், விரல் நகமளவில், நூறு நூறாக. இளவரசியின் மீன்களைக் கொல்ல நத்தை கொணர்ந்த வஞ்சகி இவள், வேந்தர் முன்பே அறிந்துதான் எழுதியிருக்கிறார், கழுமரம் நடுக என்றார் படைத்தலைவர் மாவலி ஏனாதி. மருத்துவரோ, துரிசு என்னும் நீல நச்சுப்பைக் கரைத்து ஊற்றினால் நத்தை ஒழியும் என்று கிண்ணத்தோடு நின்றார்.

அவளை வரவழைத்தேன். தன் உயிரைப் பற்றி ஒரு சொல் பேசாமல், முதலில் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். துரிசு நத்தையோடு மீனையும் கொல்லுமாம். பிறகு தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

“ஆம்பலைக் கழுவிப் போடலையா, சாமி? இலைக்கு அடியிலதானே நத்தை முட்டை ஒட்டிக்கிட்டு வரும்.”

கழுவி! ஓலையை வாங்கி வெயிலில் பிடித்தேன். ‘வி’க்கும் ‘டு’வுக்கும் நடுவே ஒரு துளை. சரடு கோக்கும் துளை என்று எம் ஓலைநாயகம் தாண்டிப் படித்த அது, வழியில் பூச்சி தின்ற துளை. தின்ற எழுத்து ‘யி’ என்று துணிந்து சொல்கிறேன். கழுவியிடுக. பெண்ணை அன்று, கொடியை.

எம் பிழை இன்னொன்றும் உண்டு. இளவரசியைக் காண வந்தோர் அனைவரும் மரியாதைக்கு ஒரு பிடி பொரி தொட்டியில் இட்டனர். மீன் தின்று மிஞ்சியது நத்தைக்கு விருந்தாயிற்று. ஆம்பல் அதை நிறுத்தினாள். மாலையில் வெள்ளரித் துண்டைக் கல்லில் கட்டி இறக்கி, விடியலில் நத்தை மொய்த்தபடியே தூக்கினாள். கொடியைப் பிடுங்கிப் படிகார நீரில் அலசி மீண்டும் நட்டாள். ஒன்பதே நாளில் கண்ணாடி தெளிந்தது. எஞ்சிய ஏழெட்டு நத்தை பாசி தின்று கிடக்கட்டும் என்கிறாள். மீன் பன்னிரண்டும் நலம். வெள்ளரி நறுக்கித் தருபவர் இப்போது ஏனாதியார்தாம்.

ஆகவே அரசியார் ஆணை: இனி எம் ஓலைகளில் ‘கழுவி’ என்னும் சொல் வராது, ‘அலசி’ என்றே எழுதப்படும். தாங்களும் அவ்வாறே பணித்தருள்க.

இவ்வோலையைக் கொண்டு வருபவள் ஆம்பலே. அரக்கு உருகி நிற்கிறது. அவளோ ஓலையை வெயிலில் பிடித்து, வரிவரியாகத் துளை தேடுகிறாள். அவள் தலையசைக்காமல் முத்திரை விழாது.

அசைத்தாள். குவளை முத்திரை இடப்பட்டது.